மதிலைச் சுவராகக் கொண்ட குருமனை

பார்சலோனா நகரின் பேராலயத்தை ஒட்டிய சாந்தா லூசியா தெருவில் நிற்கும் ஆர்ச்டீக்கன் இல்லம், உரோமானியர் எழுப்பிய கோட்டை மதிலையே தன் வடபுறச் சுவராகக் கொண்டு வளர்ந்த கட்டடமாகும். ஆர்ச்டீக்கன் என்பவர், இடைக்காலக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயருக்கு அடுத்த நிலையிலிருந்து மறைமாவட்டத்தின் நிர்வாகத்தைக் கவனித்த குரு. 12ஆம் நூற்றாண்டு முதல் இந்த இடம் அவருக்குரிய உறைவிடமாக இருந்து வந்தது.

அந்த மதிலின் கதை ஒரே காலத்தில் முடிந்ததன்று. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில், அகஸ்டஸ் பேரரசரின் ஆட்சியில், பார்சினோ என்ற சிறு குடியேற்ற நகரம் ஏறத்தாழ 10 ஹெக்டேர் பரப்பில் அமைக்கப்பட்டபோது, அதைச் சுற்றி முதல் மதில் எழுந்தது. பேரரசின் எல்லைகள் ஆட்டங்கண்ட பிற்காலத்தில் அது போதாதெனக் கருதப்படவே, பழையதை இடிக்காமல் அதன் வெளிமுகத்தோடு ஒட்டி, ஏறத்தாழ 2 மீட்டர் கனத்தில் இரண்டாவது மதிலும் எழுபதுக்கும் மேற்பட்ட கோபுரங்களும் கட்டப்பட்டன. வெளிப்புறத்தில் பெரிய சதுரக் கற்களை வரிசையாக அடுக்கி, உட்புறத்தைச் சுண்ணாம்புக் கலவையாலும் உடைகற்களாலும் நிரப்புவது அக்காலத்து முறை. நிரப்புவதற்குக் கல் தேடியவர்கள் நகருக்கு வெளியே இருந்த முந்தைய தலைமுறையினரின் கல்லறைகளைப் பெயர்த்தெடுத்ததால், பெயர் பொறித்த நினைவுக்கற்களும் பலிபீடங்களும் சிற்பத் துண்டுகளும் மதிலின் வயிற்றுக்குள் சென்று சேர்ந்தன. பார்சினோவில் வாழ்ந்த எளிய மனிதர் பலரின் பெயர்கள் இன்று தெரியவருவதற்கு, ஒரு வகையில் அழிவே ஆன அந்த அவசரப் பணிதான் காரணம்.

நகரின் வடமேற்கு வாயில் இருந்த இடம் இப்போது நோவா சதுக்கம் எனப்படுகிறது. வாயிலின் இரு பக்கமும் நின்ற கோபுரங்களில் ஒன்று ஆயர் இல்லத்தோடும் மற்றொன்று ஆர்ச்டீக்கன் இல்லத்தோடும் இணைந்துவிட்டன. பேராலயம் மதிலின் ஓரத்தில் அமைந்ததால் அதன் குருக்களின் மனைகளும் மதிலை அடுத்தே எழுந்தன. நகரம் மதிலைத் தாண்டி வளர்ந்து, காவல் பணி வேறு சுவர்களுக்குக் கைமாறிய பிறகு, கோபுரங்கள் அறைகளாயின, மதிலின் உச்சி மேல்தளமாயிற்று. பழஞ்சின்னம் என்ற மதிப்பு மதிலைக் காத்திருக்கும் எனச் சொல்வதற்கில்லை. வீட்டைத் தாங்கும் சுவராக அது தேவைப்பட்டதுதான் அதைக் காத்தது.

இந்த இல்லத்துக்கு முகம் கொடுத்தவர், 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கு வாழ்ந்த ஆர்ச்டீக்கன் லூயிஸ் தெஸ்பிளா. பண்டைய இலத்தீன் நூல்களையும் கலையையும் மீட்டுக் கற்ற மனிதநேயவாதிகள் எனப்படும் அறிஞர் மரபைச் சேர்ந்த அவர், உரோமானியக் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் தேடிச் சேர்த்துத் தம் மனையில் வைத்தார். அவர் காலத்தில் புதுப்பிக்கப்பட்ட கட்டடத்தில், கூர்வளைவுகளும் நுண்ணிய கல்வேலைப்பாடும் கொண்ட பிந்தைய கோதிக் பாணியும், உரோமானிய வடிவங்களை முன்மாதிரியாகக் கொண்ட மறுமலர்ச்சிப் பாணி அலங்காரமும் அருகருகே இடம்பெற்றன. உரோமானியர் எழுப்பிய சுவரில் குடியிருந்துகொண்டு உரோமானியக் கலையை இத்தாலி வழியாகப் புதிதாகக் கற்ற ஒருவரின் மனம் இதில் தெளிவாகத் தெரிகிறது. அவர் பொருட்செலவில் ஓவியர் பார்த்தலோமே பெர்மெகோ 1490இல் நிறைவு செய்த, இறந்த கிறிஸ்துவை மடியில் ஏந்திய அன்னை மரியாளின் ஓவியத்தில் தெஸ்பிளாவும் மண்டியிட்டிருக்கிறார். சவரம் செய்யாத முகத்தின் குறுமயிர்கூட விடுபடவில்லை. எதிர்ப்புறத்தில் புனித எரோணிமுஸ் மூக்குக்கண்ணாடியுடன் புத்தகம் படிக்கிறார்.

நடுவே நீரூற்றும் சுற்றிலும் வளைவுகளும் கொண்ட முற்றத்தைக் காண்போர் அதை முழுவதும் இடைக்காலத்ததாகவே எண்ணக்கூடும். உண்மையில், 1870 அளவில் தனியார் உடைமையாயிருந்தபோது, ஆர்ச்டீக்கன் இல்லமும் பக்கத்திலிருந்த டீன் இல்லமும், அதாவது பேராலயக் குருக்கள் குழுவின் தலைவர் வாழ்ந்த மனையும், ஒன்றாக்கப்பட்டதன் விளைவே அதன் இன்றைய அமைப்பு. பழைய உறுப்புகளை இடம் மாற்றிப் பொருத்திய அந்த வேலையைக் குறை கூறுவோர் இருக்கலாம். எனினும், அவை சிதறிப்போகாமல் நின்றதற்காக அதற்கு நன்றி சொல்வதே நியாயம். பின்னர் கட்டடம் வழக்கறிஞர் சங்கத்தின் கைக்கு வந்தபோது, கட்டடக் கலைஞர் லூயிஸ் தொமெனெக் இ மொந்தானெர் வாயிலருகே பளிங்கில் ஓர் அஞ்சல்பெட்டியை வடிவமைத்தார். அதில் தகைவிலான் குருவிகளும் ஆமையும் படர்கொடியும் செதுக்கப்பட்டுள்ளன. குருவிகள் நீதி செல்ல வேண்டிய வேகத்தையும், ஆமை நடைமுறையின் தாமதத்தையும் குறிப்பதாக வழக்கமாக விளக்கப்படுகிறது.

1920களின் தொடக்கத்தில் நகராட்சியின் வரலாற்று ஆவணக் காப்பகம் இங்கே குடியேறியது. மதிலின் வெளிமுகத்தை மறைத்திருந்த வீடுகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகற்றப்பட்டன. நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த மேல்நிலைக் கால்வாயின் ஒரு வளைவும் கோபுரத்தை ஒட்டி மீண்டும் கட்டப்பட்டது. அந்த வளைவு 1950களின் மறுஆக்கம் என்பதை அறிந்து பார்ப்பது நல்லது. அதை அடுத்துள்ள மதிலோ உரோமானியரின் கைவேலையே. காப்பகத்தின் இயக்குநராயிருந்த அகுஸ்தி துரான் இ சான்பெரேதான், 1930களில் பேராலயத்துக்கு மறுபுறமுள்ள அரசர் சதுக்கத்தின் அடியில் பார்சினோவின் தெருக்களையும் கட்டடங்களையும் வெளிக்கொணர்ந்த அகழாய்வுகளுக்குத் தலைமை தாங்கினார்.