நாலரை மீட்டரின் பயணம்

நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் நாடுகளின் கரையோரம் வாடன் கடல் கிடக்கிறது. நாளுக்கு இரண்டு தடவை அங்கே தண்ணீர் வற்றி, சேறும் மணலும் பரந்த வெளியாகத் தெரியும். ஆறு மணி நேரத்தில் அதே இடத்தில் படகு மிதக்கும். அடியில் உள்ள மணல் நகர்ந்துகொண்டே இருப்பதால் படகுகள் போகும் வாய்க்கால்களும் இடம் மாறுகின்றன. நெதர்லாந்துக் கடற்படையின் நீர்வரைவியல் துறை ஆண்டுதோறும் புதுப் படம் வெளியிட்டும், அது அச்சாகி வருவதற்குள் சில இடங்களில் தரை மாறிவிடுகிறது. இந்தக் கடலில் பாய்மரப் படகு ஓட்டுகிறவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான தகவல், இப்போது, இங்கே, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான்.

ஹார்லிங்கன் துறைமுகத்திலிருந்து டெர்ஸ்கெலிங் தீவுக்கு ஒரு படகு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடியில் பதித்திருக்கும், ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரின் உணரி, நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருக்கிறது. அதற்குள் இருக்கும் பீங்கான் வில்லை மின்சாரம் பட்டதும் அதிர்ந்து, வினாடிக்கு 2 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலித் துடிப்பைக் கீழே அனுப்புகிறது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலி அது. சேற்றில் பட்டுத் திரும்பும் எதிரொலி அதே வில்லையை மறுபடி அதிரவைக்க, அந்த அதிர்வு மின்சாரமாக மாறுகிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். எதிரொலி வர 6 மில்லிவினாடி ஆனது என்றால், போக வர 9 மீட்டர். ஆக, உணரிக்குக் கீழே ஆழம் நாலரை மீட்டர். நாம் பின்தொடரப் போகும் எண் இதுதான்.

பிறக்கும்போதே இந்த எண்ணில் ஓர் அனுமானம் ஒட்டியிருக்கிறது. தண்ணீரின் வெப்பமும் உப்பும் மாறினால் ஒலியின் வேகமும் மாறும். சாதாரண எக்கோ சவுண்டர் அதைக் கணக்கில் கொள்ளாமல் ஒரே வேகத்தையே எடுத்துக்கொள்கிறது. சில விழுக்காடு பிழை இங்கேயே நுழைந்துவிடும்.

படகின் அடியிலிருந்து எண் கம்பியில் ஏற வேண்டும். அதற்கான மொழியை வகுத்தது அமெரிக்காவின் தேசியக் கடல் மின்னணுவியல் சங்கம். 1983இல் வந்த அந்தத் தரத்தின் பெயர் என்எம்இஏ 0183. மேடைக் கூட்டம்போல அதில் ஒரு கருவி பேசும், பல கருவிகள் கேட்கும். பேச்சு முழுக்கச் சாதாரண எழுத்துகள்தான். டாலர் குறியோடு ஒரு வரி தொடங்கும். முதல் இரண்டு எழுத்து பேசுவது யார் என்று சொல்லும். அடுத்த மூன்று எழுத்து பேச்சு எதைப் பற்றி என்று சொல்லும். பிறகு காற்புள்ளிகளால் பிரித்த விவரங்கள். நம் எண் அந்த வரியில் மூன்று வேடத்தில் போகிறது: 14.8 அடி, 4.5 மீட்டர், 2.5 பாகம் (ஃபாதம்). கடைசியில் நட்சத்திரக் குறியும் இரண்டு எழுத்துச் சரிபார்ப்புத் தொகையும் வரும். கேட்கும் கருவி தானே அதைக் கணக்கிட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் வரியையே தள்ளிவிடும்.

அந்தக் கம்பியின் வேகம் வினாடிக்கு 4800 பிட், அதாவது 480 எழுத்து. நம் வரியில் மொத்தம் 30 எழுத்து இருப்பதால் அதைச் சொல்லி முடிக்க 62 மில்லிவினாடி ஆகிறது. கடலடிக்குப் போய்த் திரும்ப ஒலி எடுத்துக்கொண்ட நேரத்தைப்போலப் பத்து மடங்கு! பின்னால் வந்த கப்பல் அடையாளக் கருவிகளுக்கு இந்த வேகம் போதாமல், அவற்றுக்கு 38,400 பிட் வேண்டியிருந்தது.

மெதுவான இந்த மொழி நாற்பது ஆண்டு கடந்தும் சாகவில்லை. அதன் தர ஆவணம் இலவசமானது அல்ல. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் கம்பியில் ஓடுவது கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து. ஒரு பழைய கணினியைச் செருகி, திரையில் ஓடும் வரிகளைப் பார்த்தே எவரும் அதைப் புரிந்துகொள்ள முடிந்தது. நிரலாளர் எரிக் ரேமண்ட் பொதுவில் கிடைத்த தகவல்களை மட்டும் வைத்தே அந்த வரிகளுக்கு ஒரு விளக்கக் கையேடு தொகுத்தார்.

எல்லாப் பாதையும் இப்படித் திறந்திருக்கவில்லை. ராய்மரைன் கருவிகள் பேசிய சீடாக் என்ற மொழி அந்த நிறுவனத்துக்கே உரியது. ஜெர்மானிய ஆர்வலர் ஒருவர் கம்பியில் ஓடியதைக் கூர்ந்து கவனித்து அதன் அகராதியை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டையொட்டி வந்த என்எம்இஏ 2000, கார்களுக்காக போஷ் நிறுவனம் உருவாக்கிய கேன் இணைப்பின்மீது எழுந்தது. வேகம் 2,50,000 பிட். நம் எண்ணைச் சொல்ல ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. ஒரே கம்பியில் எல்லாக் கருவியும் பேசலாம், கேட்கலாம். ஆனால் அதில் ஓடுவது எழுத்து அல்ல, வெறும் இருமத் தரவு. ஆவணத்துக்கும் விலை. அதன் பூட்டையும் கேன்போட் என்ற தன்னார்வத் திட்டம் தரவைக் கவனித்துக் கவனித்தே பெருமளவு திறந்தது.

இந்த மொழிகளையெல்லாம் ஒரே இடத்தில் கேட்க, படகில் ஒரு காது தேவைப்பட்டது. 2012 பிப்ரவரி 29 அன்று கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்பெரி பை வந்தது. அப்போது விலை 35 டாலர். மாணவர்களுக்கு நிரலெழுதக் கற்பிக்கச் செய்த அந்தச் சிறு கணினி சில வாட் மின்சாரத்திலேயே ஓடியது. பேட்டரியை நம்பி வாழும் பாய்மரப் படகுக்கு இது பெரிய விஷயம். ஆனால் நம் எண் நேரே அதன் ஊசிகளுக்குள் நுழையக் கூடாது. அவை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கமாட்டா. படகின் கம்பியில் வரும் மின்னழுத்தம் வேறு. இடையில் ஒரு யுஎஸ்பி மாற்றி வேண்டும். இரு பக்க மின்சுற்றும் ஒன்றையொன்று தொடாதபடி ஒளிவழிப் பிரிப்பு உள்ள மாற்றி என்றால் இன்னும் நல்லது.

கணினிக்குள் நம் எண்ணை வரவேற்பது சிக்னல் கே என்ற திறந்த மூல மென்பொருள். அடியும் பாகமும் இங்கே உதிர்ந்துவிடுகின்றன. சிக்னல் கே எல்லாவற்றையும் சர்வதேச அலகில்தான் வைக்கும்: ஆழம் மீட்டரில், காற்றின் கோணம் ரேடியனில், வெப்பம் கெல்வினில். எந்தக் கருவியிடமிருந்து, எந்த நேரத்தில் வந்தது என்ற குறிப்பும் எண்ணோடு சேர்கிறது. உணரியிலிருந்து படகின் அடிமுனையான கீல் இன்னும் 1 மீட்டர் கீழே போகிறது என்று உரிமையாளர் முன்பே பதிந்திருந்தால், கீலுக்குக் கீழே மிச்சமிருப்பது மூன்றரை மீட்டர்தான் என்ற கணக்கும் வந்துவிடும். தரைதட்டுமா தட்டாதா என்பதைச் சொல்வது அந்த மூன்றரைதான்.

அங்கிருந்து வைஃபை வழியாக எண் பல திசைக்குப் பிரிகிறது. சுக்கான் பிடித்திருப்பவரின் கைபேசியில் தெரிகிறது. ஓபன்சிபிஎன் என்ற இலவச வரைபடச் செயலியில் படகின் இடத்தோடு சேர்ந்து நிற்கிறது. இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் ஒலி எழுப்பு என்று சொல்லிவைத்தால் எழுப்பும். இதே வேலையைச் செய்ய ஒரே நிறுவனத்தின் திரைகளையும் கம்பிகளையும் வாங்கினால் செலவு பல மடங்கு.

படகு தீவை அடைந்த பிறகும் எண் பயணம் போகலாம். மொனாக்கோவில் இயங்கும் சர்வதேச நீர்வரைவியல் அமைப்பு, சாதாரணப் படகுகளின் ஆழ அளவுகளையும் ஏற்கிறது. அதன் தரவு மையம் கடலுக்கு வெகு தூரத்தில், கொலராடோவின் போல்டர் நகரில் உள்ளது. உணரி எவ்வளவு ஆழத்தில் இருந்தது, அளந்த நேரம் எது என்ற குறிப்புகள் கூடவே போக வேண்டும். அவை இருந்தால்தான் ஏற்றவற்றத்தைக் கழித்து எண்ணைப் பயன்படுத்த முடியும். உலகக் கடலடியில் நவீன முறையில் அளந்திருப்பது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல் என்பதால், ஒவ்வொரு படகின் அளவுக்கும் மதிப்பு உண்டு.

நம் ஊர் விசைப்படகுகளில் இருக்கும் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் கருவிகளில் பலவும் இதே 0183 மொழியைப் பேசுபவைதான். சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு மாற்றியும் ஒரு சிறு கணினியும் கொண்டு தொடங்கலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: எக்கோ சவுண்டரின் சொந்தத் திரையைக் கழற்றிவிடாதீர்கள். மின்சாரம் திடீரென்று அறுந்தால் ராஸ்பெரி பையின் நினைவக அட்டை கெட்டுப்போகக்கூடும். அப்போதும் ஆழத்தைக் காட்ட இன்னொரு வழி படகில் இருக்க வேண்டும்.