சுண்டும் றாத்தலும்

"ஒரு றாத்தல் பாண்" என்று கடையில் கேட்கிறோம். ஆங்கிலேயரின் பவுண்ட், அதாவது சுமார் 454 கிராம் நிறைக்கு எமது நாட்டில் வழங்கும் பெயர் அது. ஆனால் அந்தச் சொல் ஆங்கிலேயர் தந்ததல்ல. அரபியிலுள்ள 'ரத்ல்' என்பதே தமிழில் றாத்தலாயிற்று. கடையில் றாத்தல் இருந்தாலும் எமது உம்மாமாரின் குசினியை ஆண்டது சுண்டுதான். நான்கு சுண்டு ஒரு கொத்து. 32 கொத்து ஒரு புசல். றாத்தல் நிறுப்பது, சுண்டு அளப்பது. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றுவதில் உள்ள சிக்கல் மிகப் பழையது.

நபி (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவில் தானியம் அளந்தே கொடுக்கப்பட்டது. நடுத்தர மனிதர் ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளுவது ஒரு முத். நான்கு முத் ஒரு ஸாஉ. நோன்புப் பெருநாளின் பித்ரா தர்மத்துக்கு விதிக்கப்பட்டதும் இந்த ஸாஉ அளவே. பின்னர் அதனை நிறுவையில் சொல்ல முற்பட்டபோது கருத்து வேறுபட்டது. கூபாவின் அறிஞர்கள் ஒரு ஸாஉ 8 ரத்ல் என்றனர். மதீனாவாசிகள் ஐந்தேமூன்றிலொரு ரத்ல் என்றனர். இமாம் அபூ ஹனீபாவின் மாணவரான அபூ யூஸுப் (மரணம் 798) மதீனா வந்தபோது, அவ்வூர் மக்கள் தந்தையர் வழியாகத் தமக்குக் கிடைத்த அளவுப் பாத்திரங்களைக் கொண்டுவந்து காட்டினர் என்றும், அவற்றைச் சோதித்துப் பார்த்த அவர் தமது ஆசிரியரின் கருத்தை விட்டு மதீனாவாசிகளின் கணக்கை ஏற்றார் என்றும் அறிவிக்கப்படுகிறது. வாதம் தீர்க்காததை வீட்டுப் பாத்திரம் தீர்த்தது.

ஆயினும் ரத்லே ஒரு நிலையில் நிற்கவில்லை. பக்தாத் ரத்ல் 130 திர்ஹம் என்றார் இமாம் ராபிஈ. 128 திர்ஹமும் ஏழில் நான்கு பங்கும் என்றார் இமாம் நவவி (1233–1277). இந்த வேறுபாட்டைவிட முக்கியமான ஒன்றையும் நவவி சுட்டிக்காட்டினார். ஒரே ஸாஉ பாத்திரத்தை நிரப்பும் சோளமும் கடலையும் ஒரே நிறை நிற்பதில்லை. ஆகவே அளவையே அடிப்படை. நிறை அதற்கு ஈடாகாது என்பது அவரது முடிவு.

இதற்கு எமது புசலே சாட்சி. ஒரு புசல் நெல் 46 றாத்தல். ஒரு கொத்து அரிசி 2 றாத்தல் என்பதால் ஒரு புசல் அரிசி 64 றாத்தல். பாத்திரம் ஒன்றே, வேறுபாடு 18 றாத்தல். அரிசியின் கணக்கை வைத்து நெல்லை மாற்றுபவர் யாரோ ஒருவரை நட்டப்படுத்துகிறார். மாவும் அவ்வாறே: அரித்து இலேசாக நிரப்பிய சுண்டு ஒரு நிறை, அமுக்கி நிரப்பிய சுண்டு இன்னொரு நிறை. தலை தட்டிய கொத்தும் குவித்த கொத்தும் ஒன்றல்ல.

கொத்து என்பது எமது நாட்டில் வெறும் பாத்திரமாக மட்டும் இருக்கவில்லை. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடெங்கும் கொதிப்பெழுந்தது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நடந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். ஏழையின் அடுப்பு எரிவதும் அணைவதும் அந்தக் கொத்தில் தங்கியிருந்தது.

இன்று பித்ராவை 2.5 கிலோ என்றும் 3 கிலோ என்றும் பலவாறு சொல்கிறோம். சில நூறு கிராம்தானே என்று தோன்றலாம். ஆனால் அது வாங்குபவரின் வீட்டில் ஒருவருடைய சோறு. அளவுப் பாத்திரம் கிடைக்காதவர் ஸாஉவிலும் குறையவில்லை என்று உறுதியாக நம்பும் அளவு கொடுக்க வேண்டும் என்கிறார் நவவி. சந்தேகத்தின் இலாபம் கொடுப்பவருக்கல்ல, பெறுபவருக்கே என்பது இதன் பொருள். தராசு வந்துவிட்டது என்பதற்காக உம்மாவின் சுண்டை எறிந்துவிடாதிருப்போம்.