அரகன் கோபுரத்தின் மேல் ஐந்து மாடிகள்



சில வாரங்களுக்கு முன்பு, கிளாரென்டன் றைஸ் சிவன் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது வயதான அம்மா ஒருவர் என்னை மறித்தார். லூயிஷாம் ரயில் நிலையப் பக்கம் எழும்பி நிற்கும் கட்டடங்களைக் கையால் காட்டி, "தம்பி, உந்த உச்சி வீடுகளிலை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். "பென்ற்ஹவுஸ் என்று சொல்வார்கள் அம்மா, காசுக்காரர் இருக்கும் வீடு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது சரியான பதில் அல்ல என்று பட்டது. எங்கள் லூயிஷாம் நகரசபை எல்லைக்குள்ளேயே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு கோபுரம் இருக்கிறது. இம்மாதப் பேச்சு அதைப் பற்றியது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். பென்ற்ஹவுஸ் என்றால் இன்று உச்சி மாடியில் கண்ணாடிச் சுவரும் மொட்டை மாடித் தோட்டமுமாக இருக்கும் சொகுசு வீடு. ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு, பெரிய கட்டடத்தின் சுவரோடு சாய்த்து இறக்கிய சிறு கொட்டகை என்றுதான் பொருள். நாங்கள் ஊரில் வீட்டுக்குப் பக்கத்தில் பத்தி இறக்குவோமே, விறகும் உரலும் வைக்க, அதுதான். பத்தி எப்படி உச்சிக்கு ஏறியது என்பதற்கு லிஃப்ற்தான் காரணம். லிஃப்ற் வருவதற்கு முன் ஐரோப்பிய நகரங்களில் மேல்மாடி ஏழைகளுக்கும் வேலைக்காரருக்கும் உரியது. பணக்காரர் படி ஏறமாட்டார்கள். 1850களில் எலிஷா ஓற்றிஸ் கயிறு அறுந்தாலும் கீழே விழாத லிஃப்றைச் செய்து காட்டினார். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிலைமை தலைகீழானது. கீழே சத்தமும் தூசியும், மேலே காற்றும் காட்சியும் என்றாகியது.

இதில் ஒரு கதை எனக்குப் பிடித்தது. 1920களில் நியூயோர்க் ஐந்தாம் அவெனியூவில் மார்ஜரி மெரிவெதர் போஸ்ற் என்ற செல்வந்தப் பெண்ணின் மாளிகை இருந்த இடத்தில் தொடர்மாடி கட்ட விரும்பினார்கள். அவர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: புதுக் கட்டடத்தின் உச்சியில் தனக்கு வீடு கட்டித் தரவேண்டும். 1925இல் 54 அறைகளோடு கட்டிக் கொடுத்தார்கள். நிலத்தைக் கொடுத்தவர் உச்சிக்கு ஏறினார். இதை நினைவில் வைத்துக்கொண்டு டெப்ற்போர்ட்டுக்கு வருவோம்.

டெப்ற்போர்ட் தேம்ஸ் கரையில் எட்டாம் ஹென்றி 1513இல் அரச கப்பல் துறையை நிறுவினார். கிழக்கிந்தியக் கம்பனியும் தன் ஆரம்ப காலத்தில் டெப்ற்போர்ட்டில்தான் கப்பல் கட்டியது. எங்கள் பக்கத்துக் கடல்களுக்கு வந்த கப்பல்கள் பிறந்த கரை இது என்று நினைத்தால், நாங்கள் இங்கே வந்து குடியேறியதில் ஒன்றும் அதிசயம் இல்லை. துறைக்குப் பக்கத்தில் கடற்படைக்கு உணவு வழங்கும் பெரிய களஞ்சியம் இருந்தது. பிஸ்கற், உப்பிட்ட இறைச்சி, றம் எல்லாம் அங்கிருந்துதான் கப்பலுக்கு ஏறின. 1858இல் அதற்கு விக்ரோறியா மகாராணியின் பெயரைச் சூட்டினார்கள். 1961இல் மூடினார்கள்.

அந்த நிலத்தில்தான் பெப்பிஸ் எஸ்ரேற் எழுந்தது. கடற்படை நிர்வாகியும் நாட்குறிப்பு எழுதியவருமான சாமுவேல் பெப்பிஸின் பெயர். (எழுத்தைப் பார்த்து நானும் பல வருடம் பெப்பிஸ் என்றே சொன்னேன். அவருடைய பெயரைப் 'பீப்ஸ்' என்று உச்சரிக்க வேண்டுமாம்.) 1966இல் திறந்து வைத்தவர் மவுண்ட்பேட்டன் பிரபு. இந்தியாவின் கடைசி வைஸ்ராய். யுத்த காலத்தில் கண்டி பேராதனையில் தலைமையகம் வைத்திருந்தவரும் அவரேதான். சுமார் 1,500 வீடுகள், நடுவில் 24 மாடி கொண்ட மூன்று கோபுரங்கள்: அரகன், டாபனி, எடிஸ்ரன். பழைய றம் களஞ்சியங்களையும் இடிக்காமல் திருத்தி வீடுகளாக்கினார்கள்.

ஏன் அவ்வளவு உயரம்? 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மாடி கூடக் கூட நகரசபைக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியமும் கூடும் என்று வைத்தது. ஆகவே நாடு முழுவதும் கவுன்சில்கள் வானத்தை நோக்கிக் கட்டின. அந்த மானியம் 1967இல் நின்றது. 1968 மே மாதம் நியூஹாமில் ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடத்தில் காஸ் வெடித்து ஒரு மூலை முழுவதும் சரிந்து நால்வர் இறந்தபோது சனங்களின் நம்பிக்கையும் போயிற்று. அதன் பிறகு உயரமான கவுன்சில் கட்டடம் என்றாலே முகம் சுளிக்கும் காலம் தொடங்கியது.

நாங்கள் வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். 83க்குப் பின் வந்தவர்களுக்கு கவுன்சில் கொடுத்தது பெரும்பாலும் மற்றவர்கள் வேண்டாம் என்ற வீடு. எனக்கு (இடத்தின் பெயர் வேண்டாம்) 11ஆம் மாடி கிடைத்தது. லிஃப்ற் ஒரு கிழமை பழுதாகிக் கிடந்தபோது கைக்குழந்தையைத் தோளிலும் பத்துக் கிலோ அரிசியைக் கையிலும் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஏறி முடித்துக் கதவைத் திறந்தால், யன்னலில் லண்டன் முழுவதும் விளக்கேற்றி நின்றது. அந்தக் காட்சிக்கு ஒரு விலை இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. கவுன்சிலுக்கும் தெரிந்திருக்காது.

விலை வந்தது ஆற்றால். துறைமுகம் இயங்கிய காலத்தில் தேம்ஸ் கரை என்றால் நாற்றமும் சுமை இறக்கும் சத்தமும். வசதி உள்ளவர் விலகி இருந்தார்கள். 1981க்குள் லண்டன் துறைகள் மூடப்பட்டன. அக்கரையில் கனறி வோவ் எழுந்தது, அதன் பெரிய கோபுரம் 1991இல் முடிந்தது. 1999இல் ஜூபிலி ரயில் பாதை பக்கத்தில் கனடா வோட்டருக்கு வந்தது. வங்கிக்காரர் வேலைக்குப் போகும் தூரத்தில், ஆற்றைப் பார்த்தபடி, ஏழைகள் ஒரு கோபுரத்தில் குடியிருப்பதாக ஒருநாள் எல்லோருக்கும் கண் திறந்தது.

2002இல் லூயிஷாம் கவுன்சில் அரகன் கோபுரத்தை பேர்க்லி ஹோம்ஸ் நிறுவனத்துக்கு 11.5 மில்லியன் பவுணுக்கு விற்றது. 144 வீடுகள். கணக்குப் போட்டால் ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 80,000 பவுண். நிறுவனம் உள்ளே புதுப்பித்து, 24 மாடிக்கு மேல் இன்னும் ஐந்து மாடி ஏற்றி, அதில் 14 பென்ற்ஹவுஸ் கட்டியது. 158 வீடுகள் ஆயின. பி.பி.சி. இதைத் தொடர்ந்து படமெடுத்து 2007இல் 'த ரவர்' என்ற பெயரில் ஒளிபரப்பியது. உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

விற்றது பிழை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பழைய கட்டடத்தைத் திருத்தக் காசு வேண்டும், அது கவுன்சிலிடம் இல்லை, ஒன்றை விற்று மற்றதைத் திருத்தலாம் என்ற நியாயத்தை விளங்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டிலும் காணியின் ஒரு துண்டை விற்றுத்தான் அக்காவின் கலியாணம் நடந்தது. ஆனால் விற்ற துண்டு திரும்பி வரவில்லை. பொது வீடுகள் 144 ஒரேயடியாகக் கணக்கில் இருந்து போயின. அதுவும் மூன்றில் ஆற்றோரம் நின்ற கோபுரமே போயிற்று.

இன்னொன்று என் மனதைக் குடைந்தது. கட்டடத்தைத் திருத்தக் குடியிருப்பாளரை வெளியேற்றுவதற்கு இங்கே அதிகாரிகள் 'டிகான்ற்' என்ற சொல்லைப் பாவிக்கிறார்கள். ஒரு பாத்திரத்தில் இருப்பதை இன்னொரு பாத்திரத்தில் ஊற்றுவதுதான் அதன் பொருள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தில் இருந்து ஒரே இரவில் நடந்தவர்கள் எங்களில் பலர் இருக்கிறோம். அதோடு இதை ஒப்பிடவில்லை, ஒப்பிடவும் கூடாது. இங்கே யாரும் குண்டுக்கு ஓடவில்லை, மாற்று வீடும் கொடுத்தார்கள். ஆனாலும் முப்பது வருடம் இருந்த வீட்டை விட்டுப் போகும் கிழவிக்கு 'ஊற்றினோம்' என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நியூயோர்க் அம்மையாருக்கு இடத்தை விட்டதற்கு உச்சி கிடைத்தது. அரகன் குடியிருப்பாளருக்குச் சாமான் ஏற்ற வான் வந்தது.

எங்கள் ஆட்களும் இன்று இந்தச் சந்தையில் வாங்குபவர்கள்தான். வெள்ளவத்தையில் கடல் பார்த்த பிளாற் வாங்கியவர்கள் இந்த இதழை வாசிப்பவர்களிலேயே இருக்கிறார்கள். குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் முன்னர் யாருடைய முற்றம் இருந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

போன ஞாயிறு டெப்ற்போர்ட்டில் இறங்கி ஆற்றங்கரை வழியாக நடந்து பார்த்தேன். மூன்றும் ஒரே காலத்துப் பிள்ளைகள் என்று பார்த்தவுடன் தெரியும். ஒன்று மட்டும் ஐந்து மாடி வளர்ந்து நிற்கிறது.

அடுத்த வெள்ளி கோயிலில் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பத்தி என்ற இடத்தில் மட்டும் மறித்து, திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அப்ப ஒரு பத்திக்கோ தம்பி இவ்வளவு காசு?"