தொடுவதற்கு முன்

இரண்டு வருடங்களுக்கு முன், தி.நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், பக்கத்துக் கட்டில் நோயாளியின் புண்ணைப் பார்த்துவிட்டு அதே கையோடு அம்மாவின் கட்டைப் பிரிக்க வந்தார். கால்மாட்டில் சானிடைசர் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் தன் கையில் அதைத் தேய்த்துக்கொண்டு, பாட்டிலை டாக்டர் பக்கம் லேசாக நகர்த்தினார். டாக்டர் கவனிக்கவில்லை. பதினெட்டு வருடமாக வகுப்பில் பேசிப் பிழைப்பவள் நான், வாய் திறக்கவில்லை. பிறகு நர்ஸ் மெதுவாகச் சொன்னார்: "நாங்க சொன்னா வேற மாதிரி எடுத்துக்குவாங்க மேடம். நீங்க கேட்டிருக்கலாம்."

யார் கை சுத்தம், யார் கை அசுத்தம் என்பதை யார் சொல்வது? இந்தக் கேள்விக்கு வயது அதிகம்.

1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதலாவதில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், எல்லோரும் ஆண்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846இல் முதல் வார்டில் 100 தாய்மாருக்கு 11 பேர் இறந்தார்கள். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. முதல் வார்டில் சேர்க்க வேண்டாமென்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். அங்கே பணிபுரிந்த இக்னாஸ் செம்மல்வைஸ் காரணத்தைக் கண்டுபிடித்தார்: மாணவர்கள் பிணங்களை அறுத்துப் படித்த கையோடு பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகள் பிண அறுவைக்குப் போவதில்லை. 1847 மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். 1848இல் அதே வார்டில் சாவு 100க்கு 1.3 ஆகக் குறைந்தது. ஆனாலும் தங்கள் கைகளே கொன்றன என்பதை அந்தக் கனவான்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1865இல் செம்மல்வைஸ் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தார். கெஞ்சிய பெண்களின் பெயர்களோ வரலாற்றில் இல்லை.

சென்னையில் 1844இல் எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியது. அங்கே பேறுகாலப் பயிற்சி பெற்ற மேரி ஷார்லிப், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர். ஆண் டாக்டரிடம் வராத பெண்களுக்காக 1885இல் அவர் தொடங்கியதுதான் 'கோஷா ஆஸ்பத்திரி'. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. மயிலாப்பூரிலிருந்து கடற்கரை வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேயர் எழுத்துகளில் நம் நாட்டு மருத்துவச்சி எப்போதும் அழுக்குக் கைக்காரியாகவே வருகிறாள். அவளுக்குப் பயிற்சி தர 1903இல் கர்சன் சீமாட்டி தனி நிதியே திரட்டினார். பயம் பொய்யில்லை; சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடி அறுத்துக் குழந்தைகள் இழுப்பு வந்து இறந்ததுண்டு. ஆனால் படித்த கையும் கொல்லும் என்பது வியன்னாவில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தெரிந்த செய்தி. பழி மட்டும் அவள் மேல் நின்றது.

நம் வீடுகளும் குறைந்தவையல்ல. நாவிதர் குலத்துப் பெண்தான் ஊருக்கெல்லாம் மருத்துவச்சி. என் அப்பாயி சொல்வார்: பிள்ளையை எடுத்துக் கொடுக்கும்வரை அவள் கை வேண்டும், கொடுத்தபின் கொல்லைப்புறத்தில் வைத்து அரிசியும் காசும் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டைக் கழுவுவார்களாம். தீட்டு. கழுவுவதில் நமக்கு இணையில்லை. ஆனால் தீட்டுக் கழுவல் தொட்டவரைக் காப்பாற்றிக்கொள்ள, தொட்ட பின் செய்வது. மருத்துவமனைக் கை கழுவல் தொடப்படுபவரைக் காப்பாற்ற, தொடுவதற்கு முன் செய்யவேண்டியது.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் கை சுத்தத்துக்கு ஐந்து தருணங்களை வகுத்தது. நோயாளியைத் தொடும் முன், ஊசி, குழாய் போன்ற சுத்தமான வேலைக்கு முன் என இரண்டு 'முன்'. உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின் என மூன்று 'பின்'. ஆல்கஹால் திரவமென்றால் 20 முதல் 30 விநாடி போதும். 'பின்' கழுவுமளவு 'முன்' கழுவுவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. 1990களில் ஜெனீவா மருத்துவமனையில் எண்ணிப் பார்த்தபோது, கழுவ வேண்டிய வேளைகளில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் கழுவினார்கள். நர்ஸ்களைவிட டாக்டர்கள் குறைவு. அறியாமை இதற்குக் காரணமாக முடியாது. வேலைச் சுமை உண்டு. கைக்கெட்டாத தூரத்தில் குழாய் உண்டு. மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் சொல்ல முடியாத நிலையும் உண்டு. கீழே இருப்பவர் பெரும்பாலும் பெண்.

மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்: "டாக்டர், கை துடைச்சுக்கிட்டீங்களா?" ஒரு கணம் பார்த்தார். பாட்டிலை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். நர்ஸ் தலை நிமிரவில்லை.

அவர் போனதும் அம்மா கடிந்துகொண்டாள்: "பெரிய டாக்டர்கிட்ட அப்படிக் கேப்பாங்களாடி? என்ன நெனச்சுக்குவார்?"

"உன் புண்ணும்மா அது" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் ரத்த அழுத்தம் பார்க்க வந்த பயிற்சி டாக்டரிடம், புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி, அம்மாவே கேட்டாள்: "கை கழுவினீங்களா தம்பி?"