ஏ, பி, சி: ஒரு சோதனைச் செய்தியின் வரலாறு

மேம்பாட்டுப் பலகை ஒன்றில் முதன்முதலாக ஹேஷ் நிரலை இயக்கிப் பார்க்கும் மாணவர் உள்ளீடாகத் தருவது பெரும்பாலும் ஏ, பி, சி என்னும் மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளையே. இவ்வழக்கத்துக்கு ஒரு மரபு உண்டு. ரொனால்ட் ரிவெஸ்ட் 1992இல் வெளியிட்ட எம்டி5 விவரக்குறிப்பின் பின்னிணைப்பிலும், அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட ஷா தர ஆவணங்களிலும் இம்மூன்றெழுத்தும் அதற்குரிய விடையும் இடம்பெற்றுள்ளன.

எந்த இயந்திரத்தில் கணக்கிட்டாலும் ஒரே விடை வரவேண்டும் என்பது ஹேஷ் சார்பின் அடிப்படை நிபந்தனை. ஷா-256இல் இம்மூன்றெழுத்தின் 24 பிட்டுகளை அடுத்து ஒரு 1, பின்னர் 423 சுழியங்கள், இறுதி 64 பிட்டுகளில் செய்தியின் நீளம் என 512 பிட் தொகுதி ஒன்று நிரம்புகிறது. அது 64 சுற்றுகளைக் கடந்து 256 பிட் சுருக்கமாக வெளிவருகிறது. ஷா உயர்மதிப்பு பைட்டை முதலில் வைக்கிறது. பலகையிலுள்ள கார்டெக்ஸ்-எம்4 செயலியோ வழக்கமாகத் தாழ்மதிப்பு பைட்டை முதலில் வைக்கிறது. அவ்வரிசையைத் திருப்ப மறந்தால் விடை முற்றிலும் மாறிவிடும். அத்தகைய பிழையை உடனே காட்டிக்கொடுப்பதே இம்மூன்றெழுத்தின் பயன்.

ஆயினும் விடை பொருந்துவது பலகை சரியாகக் கணக்கிடுகிறது என்பதற்கு மட்டுமே சான்று. சார்பு நம்பத்தக்கது என்பதற்கு அன்று. 2004 ஆகஸ்டில் நடைபெற்ற கிரிப்டோ மாநாட்டில் சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன் குழுவினர், ஒரே எம்டி5 சுருக்கத்தைத் தரும் இருவேறு செய்திகளை முன்வைத்தனர். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும், ஒரே ஷா-1 சுருக்கம் கொண்ட இரு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. உடைந்த அவ்விரு சார்புகளும் ஏ, பி, சிக்கு இன்றும் பிழையின்றியே விடையளிக்கின்றன.

உடைந்தவை எளிதில் மறைவதுமில்லை. 2011இல் அறிமுகமான எஸ்டிஎம்32எஃப்4 வரிசையின் 415, 417 சில்லுகளில் ஹேஷுக்கெனத் தனி வன்பொருள் உண்டு. அது அறிந்தவை எம்டி5, ஷா-1 ஆகிய இரண்டே. பின்வந்த 437, 439 சில்லுகளின் வன்பொருளில்தான் ஷா-256 சேர்ந்தது.

சட்டத்திலும் இதே நிலைதான். இரு மின்னணு ஆவணங்கள் ஒரே ஹேஷ் விடையைத் தருவது கணக்கீட்டளவில் இயலாததாக இருக்கவேண்டும் என்று இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 தன் மூன்றாம் பிரிவில் விளக்குகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் சான்றிதழ்ப் படிவமோ ஷா-1, ஷா-256, எம்டி5 ஆகிய மூன்றையும் ஒரே பட்டியலில் தேர்வுக்கு வைக்கிறது. மூன்றில் இரண்டு அவ்விளக்கத்தை இன்று நிறைவு செய்வதில்லை.

இதனால் பழைய சான்றுகள் யாவும் வீழ்ந்துவிட்டன என்று கொள்ளலாகாது. ஏற்கெனவே கைப்பற்றப்பட்ட ஓர் ஆவணத்தின் எம்டி5 சுருக்கத்துக்குப் பொருந்தும் வேறோர் ஆவணத்தைப் புனைவது இன்றும் நடைமுறையில் இயலாதது. ஆவணத்தை உருவாக்குபவரே வஞ்சகராக இருக்கும்போதுதான் இடர் எழுகிறது: ஒரே சுருக்கம் கொண்ட இரண்டை முன்கூட்டியே ஆயத்தம் செய்து, ஒன்றைக் காட்டிப் பின்னர் மற்றொன்றை நீட்ட அவரால் இயலும்.

ஆகவே ஆய்வகப் பதிவேட்டில் விடை பொருந்தியது என்று எழுதும் மாணவரும், நீதிமன்றப் படிவத்தில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் அலுவலரும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: பொருந்திய அந்த விடை எந்தச் சார்பினுடையது?