வீட்டைச் சுமந்த வண்டியைச் சுமப்பது

1973இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ், ‘ஜிஎம்சி மோட்டர்ஹோம்’ என்ற ஓடும் வீட்டைச் சந்தைக்கு விட்டது. கட்டில், குசினி, கழிப்பறை எல்லாம் உள்ளுக்க. இண்டைக்கு அதில ஒண்டை வாங்குற பலர் அதை ஓட்டிக்கொண்டு போறதில்லை, ட்ரெயிலரில ஏத்தித்தான் வீட்டுக்குக் கொண்டுபோகினம். ஓடுறதுக்கெண்டே செய்ததை ஏன் சுமக்கவேணும்?

அந்தக் காலத்து மோட்டர்ஹோம்கள் பெரும்பாலும் லொறிச் சட்டத்துக்கு மேல கட்டின பெட்டிகள்தான். இது வேற மாதிரி. ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோ காரின் 455 கன அங்குல எஞ்சினையும் முன்சில்லு இழுவையையும் இதற்குப் பொருத்தினார்கள். பின்சில்லுக்குப் போற தண்டு தேவைப்படாததால் தளத்தை நல்லாப் பதிக்க முடிஞ்சுது. பின்னுக்கு நாலு சில்லு, அவற்றின் மேல் உடலைத் தாங்குவது காற்றுப் பைகள். அதே வருடம் ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. இவ்வளவு பெற்றோல் குடிக்கிற வண்டி, எண்டாலும் 1978 வரை தாக்குப்பிடித்தது. மொத்தம் கிட்டத்தட்ட 13,000 வண்டிகள்.

அந்தக் கெட்டித்தனமான வடிவமைப்புத்தான் பழசானதும் கரைச்சல் குடுக்குது. கனகாலம் நிண்ட வண்டியில் காற்றுப் பை கசிந்து பின்பக்கம் இருந்துபோகும். அப்பிடியே சாய்பலகையில் ஏத்தினால் அடி உரசும், அதால முதல்ல காத்தடிச்சு உயர்த்தவேணும். ரயரில பூ தேயாமல் இருக்கும், ஆனால் ரப்பர் வெடிச்சுப்போயிருக்கும். எரிபொருள் குழாயும் அப்பிடித்தான். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் அது கசிந்தால் வண்டியே மிஞ்சாது. கயிறு கட்டி இழுக்கவும் ஏலாது: முன்சில்லு நிலத்தில் உருண்டால் கியர்பெட்டி பழுதாகும். உயரமும் பாக்கவேணும். பல மாநிலங்களில் சுமையோடு 13 அடி 6 அங்குலம்தான் எல்லை, அதால பதிவான ட்ரெயிலர் தேவை.

எரிஞ்சுபோன ஒண்டுக்குப் பதிலாக இன்னொண்டு செய்ய இப்ப தொழிற்சாலை இல்லை. கம்பனி கைவிட்ட பிறகு சொந்தக்காரர்களே சங்கம் கூடி, உதிரிப்பாகம் தேடி இவற்றை ஓட வைத்திருக்கிறார்கள். இது எங்களுக்கு அந்நியமான கதை இல்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்குள்ள யாழ்ப்பாணத்து ஒஸ்ரினும் மொரிசும் மண்ணெண்ணெயில் ஓடினதை வீட்டுப் பெரியாக்கள் இப்பவும் சொல்லுவினம். அவர்கள் ஆசைக்குச் செய்யவில்லை, வேற வழி இருக்கேல்லை. அந்தத் திருத்தக்காரரின் கைவேலையில் எவ்வளவு எழுத்தில் இருக்குது?

வாங்கின கையோட உள்ளுக்க இருக்கிற எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுபோட்டுப் புதுசாக்குறதில எங்களுக்கு உடன்பாடில்லை. ஏத்த முதல் லாச்சிகளையும் ஒருக்காத் திறந்து பாக்கவேணும். பழைய உரிமையாளரின் திருத்தக் கொப்பி அங்க கிடக்கலாம். எந்த வயர் எங்க போகுது எண்டு அதில மட்டும்தான் இருக்கும்.