பாரி மகளிரின் தந்தை

வள்ளல் பாரி மறைந்த பின் அவனைப் பாடியவர் இரு திறத்தார். ஒருவர் அவனுடைய உயிர்த்தோழராகிய கபிலர். மற்றவர் அவனுடைய மகளிர். கபிலர் பல பாடல்கள் பாடினார். மகளிர் பாடியதாகக் கிடைப்பது ஒன்றே. புறநானூற்றில் 112ஆம் பாடலாக நிற்கும் அதன் அளவு ஐந்தே அடிகள். பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை.

கையறுநிலைப் பாடல்களில் இறந்தவனுடைய கொடையும் வீரமும் விரித்துரைக்கப்படுவது பெரும்பான்மை. இப்பாட்டிலோ பாரியின் கொடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முல்லைக்குத் தேர் ஈந்த செய்தி இல்லை. அவன் பெயர்கூட இல்லை. உலகம் வள்ளல் என்று அறிந்தவனை அவர்கள் ‘எந்தை’ என்று மட்டுமே அறிவர். சென்ற திங்களின் நிலவும் இந்தத் திங்களின் நிலவும் அருகருகே வைக்கப்படுகின்றன, அவ்வளவே. ஆயினும் சொற்களின் வைப்புமுறையைக் கூர்ந்து காணல் வேண்டும். சென்ற திங்களைச் சொல்லும்போது தந்தை முதலிலும் குன்று பின்னரும் வருகின்றன. இந்தத் திங்களைச் சொல்லும்போது குன்று முதலில் வருகிறது. தந்தையின் இழப்பு இறுதிச் சொல்வரை தள்ளிப் போடப்படுகிறது. சொல்லியே ஆகவேண்டிய ஒன்றைச் சொல்ல நா எழாத நிலை அது. தந்தையை இழந்த வீட்டில் முதல் மாதத்தில் பேச்சு இப்படித்தான் நடக்கும். பகைவேந்தரின் முரசுக்குத் தரப்பட்ட வெற்றி அடைமொழியை இகழ்ச்சிக் குறிப்பாக உரையாளர் கொள்வர். அதுவும் உண்டு, ஆனால் பாட்டின் உயிர் அந்த இகழ்ச்சியில் இல்லை.

மூவேந்தரும் பறம்பை முற்றியிருந்த நாளில் கபிலர் பாடியவை 109, 110ஆம் பாடல்கள். உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் விளையும் மலை அது. வாளால் வெல்ல இயலாது, யாழ் மீட்டிப் பாடிவந்தால் நாட்டையும் மலையையும் ஒருங்கே பெறலாம் என்று வேந்தரை எள்ளுகிறார். 300 ஊர்களையும் பரிசிலர் முன்னரே பெற்றுவிட்டனர் என்கிறார். அந்த முற்றுகையின்போது பாரியின் மகளிர் என்ன செய்துகொண்டிருந்தனர் என்பது 116ஆம் பாடலால் தெரியவருகிறது. தந்தையின் மலைமீதேறி, போருக்கு வந்த வேந்தரின் பொற்சேணம் பூண்ட குதிரைகளை எண்ணினராம். பகைவரின் படை அவர்களுக்கு விளையாட்டுப் பொருளாயிற்று. தந்தை இருக்கிறான் என்னும் துணிவன்றி அதற்கு வேறு காரணம் இல்லை.

அதே பாடலில் அம்மகளிரின் பிற்றை நாளும் காட்டப்படுகிறது. முள்வேலி சூழ்ந்த சிறு குடில். பஞ்சு பரந்த முற்றம். பீர்க்கும் சுரையும் படர்ந்த பக்கம். அங்கே ஈச்சிலைக் குப்பை மேட்டின்மீது ஏறி, உமணர் உப்பேற்றிச் செல்லும் வண்டிகளை எண்ணுகின்றனர். மலை போய்க் குப்பைமேடு வந்தது. எண்ணும் பழக்கம் போகவில்லை. இதைக் கண்ட கபிலர் தம் வாழ்நாள் தேய்க என்று நொந்துகொள்கிறார். புலவர்கள் பாரியின் கொடையைப் பாடும் பாடல்களையே மேடைகளில் மிகுதியும் எடுத்தாள்வர். இந்தப் பாடலுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

பின்னர்க் கபிலர் அம்மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றார். இவர்கள் பாரியின் மகளிர், மணந்துகொள்க என்று வேண்டினார். 200 முதல் 202 வரையுள்ள பாடல்கள் அந்த அலைச்சலைக் கூறுவன. தந்தையின் புகழே மகளிர்க்குச் சீராக எடுத்துச் சொல்லப்பட்டது, ஏற்பார் இல்லை.

அதன்பின் நிகழ்ந்ததில் சான்றுகள் ஒத்துப்போகவில்லை. மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்பது புறநானூற்றின் 236ஆம் பாடற்குறிப்பு. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ பாரியின் மகளை மலையமானுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால ஔவையார் கதைகளில் வருவன, புறநானூற்றில் இல்லை. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டபோதும் பாடியோர் பெயராக ஏட்டிலிருந்து கிடைத்தது ‘பாரி மகளிர்’ என்பதுதான்.

பறம்பு இன்று பிரான்மலை எனப்படுகிறது. சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. கபிலர் உயிர்நீத்த இடமாகச் சொல்லப்படும் கபிலக்கல் திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே நிற்கிறது. பறம்பை விட்டு நீங்கிய அம்மகளிர் மீண்டும் அம்மலைக்குச் சென்றதாகப் பாடல் எதுவும் இல்லை.